மாற்றிய வண்டியும் மறுத்த வாரண்டியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் கார்டின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: “வெளிப்பொருத்தங்கள் இருப்பதால் வாரண்டி பொருந்தாது.”

அதற்கு மேலே நான்கு புகார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது. இடது ஹெட்லைட் எரியவில்லை, வண்டியை நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. முன் இடது சக்கரத்தில் உறுமல் சத்தம். ஏ.சி. குளிரவில்லை. நான்குக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதான் பதில்.

வண்டிப் பழுதுகளின் காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை எழுதுவது என் தொழில். வண்டியின் சொந்தக்காரர் அந்த ஜாப் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது கோபத்தில் இருந்தார். “நான் லைட்டு மாட்டினதுக்கும் ஏ.சி.க்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் எதை எதையெல்லாம் மாட்டியிருக்கிறார் என்பதை என்னிடம்கூட முதல் நாள் முழுதாகச் சொல்லவில்லை. அந்தக் கதை பிறகு வருகிறது.

இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டியைத் தொட்டேன். பிரித்துப் பார்த்த மூன்று நாளும் சர்வீஸ் சென்டரின் டெக்னீஷியன் ஒருவர் கூடவே இருந்தார். பழுதான பாகம் எதையும் அவருக்குக் காட்டாமல் கழற்றவில்லை. இப்படிச் செய்யாவிட்டால், அறிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், “பாகத்தை நீங்களே மாற்றி வைத்தீர்கள்” என்ற ஒரு பேச்சில் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

வண்டி 1.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர். மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வாரண்டி. பழுதானபோது மீட்டரில் 29,200 கி.மீ., வயது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. காகிதங்களையும் அவர் சொன்னதையும் ஒத்துப் பார்த்ததில் மாற்றங்களின் வரிசை இப்படி வந்தது. 12,000 கி.மீ.யில் எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர். 15,000-இல் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும். 18,000-இல் இரண்டு கூடுதல் ஃபாக் லேம்ப். கடைசியாக 23,400-இல் இன்ஜின் சக்தியைக் கூட்ட ஒரு ட்யூனிங் பாக்ஸ்.

இந்த வரிசைதான் பின்னால் வழக்கின் பாதியைத் தீர்த்தது. கி.மீ. கணக்கு இல்லாமல் “அதெல்லாம் போன வருஷம் மாட்டினது” என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுதியதில் பாதியை எழுதியிருக்க முடியாது. கடை ரசீதுகளை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அது அவருடைய நல்ல காலம்.

ஒரு ‘ஆல்’ இடம் மாறியது

கருவியை எடுப்பதற்கு முன் வாரண்டிக் கையேட்டை எடுத்தேன். விலக்குகள் பகுதியில் இருந்த வாசகத்தின் பொருள் இதுதான்: ஒப்புதல் பெறாத பாகங்களைப் பொருத்தியதால் விளையும் பழுதுகளுக்கு வாரண்டி இல்லை. ஜாப் கார்டில் இருந்ததோ, பொருத்தங்கள் இருப்பதால் வாரண்டி இல்லை.

இரண்டிலும் ‘ஆல்’ இருக்கிறது. கையேட்டில் அது மாற்றத்தையும் பழுதையும் சேர்க்கிறது. ஜாப் கார்டில் அது மாற்றத்தையும் மறுப்பையும் சேர்க்கிறது. நடுவில் இருக்க வேண்டிய பழுது காணாமல் போய்விட்டது. முதல் வாசகப்படி, இந்தப் பாகம் இந்தப் பழுதை இந்த வழியாக உண்டாக்கியது என்று காட்ட வேண்டும். இரண்டாவதில் எதையும் காட்டத் தேவையில்லை, பாகம் கண்ணில் பட்டால் போதும். நிறுவனம் தானே அச்சிட்டுக் கொடுத்த வாசகம் முதலாவது. எனவே நான்கு புகாரையும் தனித்தனியாகவே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த வேறுபாடு நான் கண்டுபிடித்த நுணுக்கம் இல்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம் இதையே அடிப்படையாக வைக்கிறது. குறிப்பிட்ட பிராண்டு பாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தராமல், அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட அது பொதுவாக அனுமதிப்பதில்லை. அதைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018 ஏப்ரலில் கார், கைப்பேசி, வீடியோ கேம் துறைகளைச் சேர்ந்த ஆறு நிறுவனங்களுக்கு இது தொடர்பாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே சட்டம், மாற்றிய பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் அந்தப் பழுதுக்கு நிறுவனம் மறுக்கலாம் என்பதையும் ஏற்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் காரணத்தைக் காட்டு என்ற கேள்வி எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கத் தகுந்ததுதான்.

ஏ.சி.

இது அரை மணி நேர வேலை. சிஸ்டத்தில் கேஸ் மிகக் குறைவாக இருந்தது. சாயம் கலந்து அழுத்தம் ஏற்றிப் புற ஊதா விளக்கில் பார்த்ததும் கம்ப்ரசரின் தண்டு சீலில் பச்சையாக ஒளிர்ந்தது. கப்பியும் பெல்ட்டும் கம்பெனியோடு வந்தவை, அசையாமல் நேராக இருந்தன. கம்ப்ரசருக்குப் போகும் மின் இணைப்பை யாரும் தொட்ட தடயம் இல்லை. நான்கு மாற்றங்களில் எதிலிருந்தும் அந்த சீலுக்குப் போகும் வழி இல்லை. முழுக்க வாரண்டிப் பழுது.

சக்கரம்

கம்பெனி டயர் 205/60 ஆர் 16. மொத்த விட்டம் சுமார் 652 மி.மீ. புதிதாகப் போட்டது 235/55 ஆர் 17, விட்டம் சுமார் 690 மி.மீ. வித்தியாசம் 5.8 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 106-இல் போகிறது. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டுகிறது. மாற்றிய பிறகு மீட்டரில் ஏறிய 14,200 கி.மீ. உண்மையில் 15,000-ஐத் தாண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டு வாரண்டி மேலாளர் ஒரு கட்டத்தில் “ஓடோமீட்டரில் கை வைத்திருக்கிறார்” என்றே எழுதினார். அது தவறு. மீட்டரை யாரும் தொடவில்லை, சக்கரம்தான் பெரிதானது. கூடுதலாக வந்த 800 சொச்சம் கி.மீ.யைச் சேர்த்தாலும் வாரண்டி எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த வரியை நீக்கச் சொன்னேன், நீக்கினார்.

ஆனால் பேரிங் விஷயத்தில் அவர் சொன்னது சரி. கம்பெனி ரிம் 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம்வரை உள்ள தூரம்) 45 மி.மீ. புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 25. அதாவது டயரின் நடுக்கோடே 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. வெளி விளிம்பு 39 மி.மீ. தள்ளுகிறது. வீல் பேரிங்குக்குள் இரண்டு வரிசை உருளைகள் உண்டு. சாலையிலிருந்து வரும் பாரம் அந்த இரண்டுக்கும் நடுவே விழும்படிதான் வடிவமைப்பார்கள். நடுக்கோடு 20 மி.மீ. வெளியே போனால் பாரம் வெளி வரிசைமேல் சாய்ந்துவிடும், திருப்பத்தில் இன்னும் மோசம். பேரிங்கை வெட்டித் திறந்தபோது வெளி வரிசையின் பாதையில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. உள் வரிசை புதிதுபோல் பளபளத்தது. இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அலாய் வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிது; இடைவெளியை நிரப்பும் வளையமும் போடவில்லை. சக்கரம் நட்டுகளின் பிடியில் மட்டுமே மையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதிர்வும் சேர்ந்துகொண்டது. பேரிங் செலவு வண்டிக்காரருடையது என்று எழுதினேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் வெட்டிய பேரிங்கைக் கையில் கொடுத்ததும் பேசவில்லை.

ஹெட்லைட்டும் பேட்டரியும்

வண்டிக்காரர்கள் மிகச் சாதாரணமாக நினைப்பதும், பின்னால் அதிகமாக அழ வைப்பதும் இந்த வகை மாற்றம்தான். ட்யூனிங்கைப் பற்றிப் பயப்படுகிற ஆள்கூட, இரண்டு விளக்கு மாட்டுவதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பார்.

பழைய வண்டிகளில் ஹெட்லைட் வயர் என்றால் சுவிட்சிலிருந்து ஃப்யூஸ் வழியாக விளக்குக்குப் போகும் செம்பு. அதில் ஒட்டுப் போட்டால் ஃப்யூஸ் போகும், மாற்றிக்கொள்ளலாம். இந்த வண்டியில் அப்படி இல்லை. சுவிட்ச் வெறும் தகவலைத்தான் அனுப்புகிறது. விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் சிறு கணினியான பாடி கன்ட்ரோல் மாட்யூல்தான் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிறது. கொடுக்கும்போதே எத்தனை ஆம்பியர் போகிறது என்று அளந்தபடி இருக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் போனால் அந்த வழியை அடைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி திறந்து பார்க்கும். இந்த வகை மாட்யூல் ஒவ்வொரு முறை அடைத்ததையும் எண்ணி வைக்கிறது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் அந்த வழியை நிரந்தரமாகப் பூட்டிவிடும். வயர் தீப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது.

ஃபாக் லேம்ப் இரண்டும் 55 வாட் ஹாலஜன். இன்ஜின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 8.1 ஆம்பியர் இழுக்கும். மாட்டியவர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடவில்லை, பேட்டரியிலிருந்து தனி வயரும் இழுக்கவில்லை. இடது லோ பீம் வயரில் கடித்துப் பிடிக்கும் கிளிப் ஒன்றைப் போட்டு அங்கேயே எடுத்துவிட்டார். லோ பீமுக்கு மட்டும் 4.1 ஆம்பியர் போக வேண்டிய வழியில் 12.2 ஆம்பியர். மூன்று மடங்கு மின்னோட்டம் என்றால் வயரில் எழும் சூடு ஒன்பது மடங்கு, ஏனென்றால் சூடு மின்னோட்டத்தின் இருபடியோடு ஏறும். கிளிப் இருந்த இடத்தில் வயர் உறை பழுப்பேறிக் காய்ந்துபோய், தொட்டதும் உதிர்ந்தது.

மாட்டிய அன்றைக்கு எல்லாம் எரிந்தது. மாதக்கணக்கில் எரிந்தது. பிறகு ஒருநாள் இடது லோ பீம் நின்றது. வண்டிக்காரர் பல்பை மாற்றினார், ஃப்யூஸைப் பார்த்தார், இரண்டுமே நல்லபடியாக இருந்தன. ஸ்கேன் செய்து பார்த்தேன். மாட்யூல் அந்த வழியை ஓவர்லோட் என்று குறித்துப் பூட்டியிருந்தது.

பேட்டரி இறங்குவது வேறு பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியைப் பூட்டி, எல்லா மாட்யூல்களும் தூங்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தேன். 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது 0.42 காட்டியது. நாளுக்கு 10 ஆம்பியர்-மணி. பேட்டரி 60. நான்கு நாளில் 40 போய்விடும், மீதியில் ஸ்டார்ட்டர் சுற்றாது. அவர் சொன்ன நான்கு நாள் கணக்கு அப்படியே பொருந்தியது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் வழி மறுபடி அதே பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கே போனது. அதன் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே மூன்று பின்கள் பச்சைப் பாசியாக இருந்தன. தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? மாட்யூல் கேபினுக்குள், நனையாத இடத்தில் இருக்கிறது. விடை அந்தக் கிளிப்பில்தான் இருந்தது. அது வயரின் உறையைக் கீறித்தான் பிடிக்கும். மழைத்தண்ணீர் அந்தக் கீறல் வழியாகச் செம்பு இழைகளுக்குள் புகுந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள்ளேயே ஊர்ந்து கனெக்டர்வரை போய்விட்டது. வயரை நடுவில் ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தோம். பளபளக்க வேண்டிய செம்பு கறுத்திருந்தது. கூட இருந்த டெக்னீஷியனும் இதை முதல்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னார். அரித்த பின்கள் வழியே கசியும் மின்சாரத்தை மாட்யூல் ஒரு சுவிட்ச் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு தூங்காமல் விழித்தே இருந்திருக்கிறது.

இரண்டு பழுது, ஒரு கிளிப். இதுவும் வண்டிக்காரர் பொறுப்பு. வாரண்டி மறுத்தது இங்கே சரி. ஆனால் அதற்கான காரணத்தை அவர்கள் தேடவே இல்லை என்பதையும் அறிக்கையில் சேர்த்தேன்.

டர்போ

சண்டை எல்லாம் இதற்காகத்தான். சர்வீஸ் சென்டர் வாய்மொழியாகச் சொன்ன காரணம் ஏர் ஃபில்டர்: பருத்தி ஃபில்டர் தூசியை விட்டிருக்கும், தூசி டர்போவைத் தின்றிருக்கும்.

தூசி தின்ற டர்போவை நான் பார்த்திருக்கிறேன். காற்றை உறிஞ்சும் பக்கத்துச் சக்கரத்தின் இதழ் முனைகள் மணல் அடித்ததுபோல் மழுங்கி, சில இடங்களில் கடித்ததுபோல் தேய்ந்திருக்கும். இதில் முனைகள் கூர்மையாக இருந்தன. இன்ஜின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பியதில் சிலிக்கான் 12 பி.பி.எம். மட்டுமே, தூசி உள்ளே போயிருந்தால் அது பல மடங்கு ஏறியிருக்கும். ஃபில்டரின் எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்து அளவைக் கெடுப்பதும் உண்டு. அதையும் பார்த்தேன். புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடிய நிலையில், ஐட்லிங்கில், ஒரு உறிஞ்சலுக்கு 370 மில்லிகிராம் அளவில் காற்று வர வேண்டும் என்பது என் கணக்கு. சென்சார் 362 காட்டியது. ஃபில்டர்மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் இந்த வண்டியில் அது எதையும் செய்யவில்லை.

டர்போ செத்தது பேரிங்கில். அதன் தண்டு இரும்புமேல் உரசிச் சுற்றுவதில்லை, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றுகிறது. இந்த அளவு டர்போக்களில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். படலம் ஒரு கணம் அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தொடும். இங்கே பேரிங் வழவழவென்று தேய்ந்து, தண்டு ஆடி, சக்கரம் கூட்டில் உரசியிருந்தது. ஆயில் வரும் குழாய் அடைபடவில்லை, கரியும் கட்டவில்லை. அப்படியானால் ஆயில் வந்திருக்கிறது, வந்த ஆயில் சரியில்லை.

டிப்ஸ்டிக்கை இழுத்தபோதே அது தெரிந்தது. ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது, டீசல் வாடை அடித்தது. சோதனை அறிக்கையில் டீசல் கலப்பு 11 சதவீதம். 100 டிகிரியில் பிசுபிசுப்பு 8.2 சென்டிஸ்டோக். எஸ்.ஏ.இ. 30 தர ஆயிலுக்கு அந்த வெப்பத்தில் குறைந்தபட்சமே 9.3 வேண்டும்.

ஆயிலில் டீசல் எப்படி வந்தது? டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். அது நிரம்பும்போது இன்ஜின் தானாகவே அதைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரித்துவிடும். சூடேற்ற, சிலிண்டரில் எரிப்பு முடிந்த பிறகு கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு வழிந்து ஆயிலில் இறங்கும். பெட்ரோல் என்றால் ஆயில் சூடானதும் பெரும்பாலும் ஆவியாகிவிடும், டீசல் அவ்வளவு சுலபத்தில் போகாது. கரி எரிப்பு எப்போதாவது நடந்து முழுதாக முடிந்தால் தொல்லை இல்லை. அடிக்கடி நடந்து பாதியில் நின்றால் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும்.

இன்ஜினை இயக்கும் கணினியான இ.சி.யு.வில் கடைசிப் பத்து எரிப்புகளின் இடைவெளி பதிவாகியிருந்தது. சராசரி 170 கி.மீ. இந்த இன்ஜினில் நல்ல நிலையில் 400-க்கு மேல் வர வேண்டும்.

அப்போதுதான் ட்யூனிங் பாக்ஸ் வெளியே வந்தது. முதல் நாள் அவர் அதைச் சொல்லவே இல்லை. வண்டியை சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தைய இரவு கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் ப்ரெஷர் சென்சாரின் கனெக்டரில் பூட்டு நாக்கு உடைந்திருந்தது. பக்கத்துக் குழாயில் டை கட்டிய தழும்பு. இன்ஜின் மூடியின் மேல் எங்கும் தூசி, ஒரு தீப்பெட்டி அளவுச் சதுரத்தில் மட்டும் தூசி இல்லை. சர்வீஸ் சென்டர் அதைப் படம் எடுத்து வைத்திருந்தது. அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார், மறுநாள் பாக்ஸையும் கொண்டுவந்தார்.

அவர் மறைத்ததுதான் இந்த வழக்கில் அவருக்கே விழுந்த பெரிய அடி. மற்ற மூன்று புகாரிலும் அவர் சொல்வதை நம்ப மறுக்க அது ஒரு காரணமாகிவிட்டது. பாக்ஸைக் கழற்றினாலும் கரி எரிப்பின் பதிவு கழன்று வராது.

பாக்ஸை மேசையில் வைத்துச் சோதித்தேன். இந்த சென்சாரில் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை, ஒரு வோல்ட்டுக்கு 500 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). பாக்ஸுக்குள் 3.20 வோல்ட் கொடுத்தேன், 2.95 வெளியே வந்தது. அதாவது குழாயில் 1,350 பார் இருக்கும்போது இ.சி.யு.விடம் 1,225 என்று சொல்கிறது. இ.சி.யு. தான் கேட்ட அழுத்தம் வந்துவிட்டது என்று நம்பி, 1,225-க்கு வேண்டிய நேரம் இன்ஜெக்டரைத் திறக்கிறது. டீசல் சுமார் 5 சதவீதம் கூடுதலாகப் போகிறது. காற்று கூடவில்லை. பாரம் ஏறும் நேரத்தில், காற்று ஏற்கெனவே எல்லையில் இருக்கும்போது, அந்த 5 சதவீதம் அதைவிடப் பெரிய பங்கு கரியாக மாறும். கரி கூடினால் எரிப்பு கூடும், எரிப்பு கூடினால் ஆயிலில் டீசல் கூடும். பாக்ஸிலிருந்து டர்போ பேரிங்குக்கு நேர்வழி இல்லை. ஆனால் இந்தச் சுற்றுவழி முழுதாக இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் அளவெடுக்க முடிகிறது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் டர்போவும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் பழைய ஜாப் கார்டுகளைக் கேட்டு வாங்கியிருந்தேன். 10,000 கி.மீ. சர்வீஸ் கார்டின் ஓரத்தில் டெக்னீஷியன் பேனாவால் எழுதியிருந்தார்: ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியுள்ளது. அப்போது வண்டியில் ஒரு மாற்றமும் கிடையாது, ஏர் ஃபில்டர்கூடக் கம்பெனியுடையது. 20,000 கார்டிலும் அதே குறிப்பு, கூடவே ஒரு ஸ்கேன் அச்சு. கரி எரிப்பு இடைவெளி சராசரி 240 கி.மீ. பாக்ஸ் வந்தது அதற்கு 3,400 கி.மீ. கழித்து.

ஆக நோய் பாக்ஸுக்கு முன்பே இருந்திருக்கிறது. இவர் தினமும் ஓட்டுவது போக 7 கி.மீ., வர 7 கி.மீ. எரிப்பு முடியும் முன்பே வண்டி நின்றுவிடும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்காகவே, எரிப்பு முறையைத் திருத்தும் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றை நிறுவனம் தன் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பியிருந்தது. அந்த அறிவிப்பு 20,000 சர்வீஸுக்கு முன்பே வந்தது. இந்த வண்டியில் யாரும் அதை ஏற்றவில்லை. ஆயில் அளவு ஏறுவதாகவும் வண்டிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு முறையும் புது ஆயில் ஊற்றி அனுப்பிவிட்டார்கள்.

இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்தப் பேனாக் குறிப்பை எழுதிய டெக்னீஷியன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அவருக்கு மேலே யாராவது அதைப் படித்திருந்தால் இந்த டர்போ இன்று ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்வு

வாரண்டி மேலாளர் சொன்ன வாதத்தில் நியாயம் இருந்தது: பாக்ஸ் இல்லாவிட்டால் 240 என்பது 170 ஆகியிருக்காது, டர்போ 30,000 சர்வீஸைப் பார்த்திருக்கும். அப்போது புது ஆயில் கிடைத்திருக்கும். நான் மறுக்கவில்லை. பாக்ஸ் இல்லாமலே ஆயில் கெட்டுக்கொண்டிருந்ததும் உண்மை, அதை அவர் மறுக்க முடியவில்லை. ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்படி எழுதவில்லை. “பழுதின் தொடக்கம் மாற்றத்துக்கு முந்தியது, மாற்றம் அதை விரைவுபடுத்தியது” என்று எழுதி, அதற்கான ஆறு அளவுகளையும் மூன்று ஜாப் கார்டுகளையும் இணைத்தேன்.

இரண்டு சந்திப்பு நடந்தது. முதலாவதில் குரல்கள் உயர்ந்தன. இரண்டாவதில் 10,000 கி.மீ. கார்டை மேசையில் வைத்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். முடிவில் ஏ.சி. கம்ப்ரசர் முழுக்க வாரண்டியில் மாற்றப்பட்டது. டர்போவை நிறுவனம் கொடுத்தது, பொருத்தும் கூலியும் ஆயில், ஃபில்டர் செலவும் வண்டிக்காரர் கணக்கு. மென்பொருள் புதுப்பிப்பும் ஏற்றப்பட்டது. வீல் பேரிங், பாடி கன்ட்ரோல் மாட்யூல், வயர் கட்டான ஹார்னஸ் மூன்றும் அவர் கைக்காசு.

பழைய சக்கரங்களை அவரே திரும்பப் போட்டுக்கொண்டார். பாக்ஸ் என் அலமாரியில் இருக்கிறது, திருப்பிக் கேட்கவில்லை. ஃபாக் லேம்ப் மட்டும் வேண்டும் என்றார், இருட்டில் போய் வருகிற ஆள். சரி என்று பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாகத் தனி வயர் இழுத்து, லோ பீம் வயரைத் தொடாமல் மாட்டிக் கொடுத்தோம். பூட்டி வைத்து அளந்தபோது 0.03 ஆம்பியர். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் செய்ததில் கரி எரிப்பு இடைவெளி 410 கி.மீ. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டுகிறார்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. முதல் மறுப்பு எழுதிய அன்றே நிறுவனத்தின் கணினியில் இந்த வண்டியின் எண்ணுக்கு எதிரே “மாற்றம் செய்யப்பட்டது” என்று குறித்துவிட்டார்கள். இன்ஜின் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் இனி தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பாக்ஸும் பெரிய சக்கரங்களும் இன்று வண்டியில் இல்லை, அந்தக் குறிப்பு மட்டும் போகவில்லை. அதை நீக்கக் கோரி அறிக்கையையும் புதிய அளவுகளையும் வைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறோம். வாரண்டியில் இன்னும் ஓராண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது.